களிச் சூடு

மண்ணைக் கரைத்து வடிகட்ட ஒரு வெள்ளைத் துணி வேண்டும் என்று சின்னம்மாள் கேட்டாள். குமார் பீரோவைத் திறந்து, அப்பாவின் வேட்டிகளில் எதைக் கிழிப்பது என்று தெரியாமல் நின்றான். கடைசியில் அவன் அம்மா கோவிந்தம்மாளே எழுந்துபோய், ஒரு வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து வந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பழையபடி சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நஞ்சப்பன் முன்னறையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பக்கவாதம் இரண்டாவது முறையாக வந்திருந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரியில், இனி இங்கே வைத்திருந்து பிரயோஜனமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படி வீட்டுக்கு வந்தவர்கள் பொழுது விடிவதற்குள் போய்விடுவார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. இவர் போகவில்லை. கண் திறக்கவில்லை, பேச்சில்லை. மூச்சு மட்டும் பாரவண்டி மேடேறுவதுபோல நின்று நின்று வந்துகொண்டிருந்தது. உறவுக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றினார்கள். பிறகு காரிமங்கலம் சந்தைக்கு நேரமாகிறது என்று வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சாவு சொல்லிக்கொண்டு வராது, தக்காளியும் காத்திருக்காது.

சின்னம்மாள் நஞ்சப்பனுக்கு அக்கா. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க நினைக்கிறவர்கள் உலகத்தில் உண்டு. சின்னம்மாளுக்கு அவ்வளவு பேராசை கிடையாது. இரண்டு வீட்டிலும் சாவிக்கொத்து தன் இடுப்பில் இருந்தால் அவளுக்குப் போதும்.

"உசுரு போவாம இழுத்துக்கிட்டுக் கெடந்தா ஏதோ ஒன்னு மேல ஆசை நிக்குதுன்னு அர்த்தம்," என்றாள். "இவனுக்கு மண்ணாசை. அவன் நெலத்து மண்ணக் கரைச்சு ஒரு சொட்டு வாயில வுட்டா நிம்மதியாப் போயிருவான்."

அவர் நிலம் என்று இப்போது எதுவும் இல்லை. கிணற்றோடு இருந்த ஒரே காட்டையும் மாதுவுக்கு விற்றாகிவிட்டது. மகள் நிர்மலாவின் வைத்தியத்துக்காக விற்றது. ஊரில் பால்குடிக்கும் குழந்தைக்கும் அது தெரியும். அதனால் சின்னம்மாள் மண்ணாசை என்று சொன்னதும், அறையில் இருந்த எல்லாரும் நிர்மலாவைப் பார்க்காமல் இருக்கப் பிரயாசைப்பட்டார்கள்.

நிர்மலா அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவுக்குள் கைகளை மறைத்து வைத்திருந்தாள். வீட்டுக்குள் அவள் அப்படிச் செய்வதில்லை. இரண்டு நாளாக ஆள் வரத்து அதிகம்.

மாது மண்ணைத் தன் துண்டிலேயே முடிந்து கொண்டுவந்தார். குமார் கேட்கப்போனபோது, நீ இரு தம்பி, நானே எடுத்தாறேன் என்று சொல்லிவிட்டாராம். கிணற்றடியில் எடுத்த செம்மண், இன்னும் ஈரமாக இருந்தது. கட்டிலைப் பார்த்துவிட்டு, "நேத்துகூட அந்தப் பக்கம் வந்தா மாதிரியே இருக்குதுங்க," என்றார். வேறு சொல்லத் தெரியாமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

நிர்மலா அந்தத் துண்டு முடிச்சையே பார்த்தாள். அவள் பயந்தது சாவுக்கு அல்ல. இந்த மண்ணுக்கு. இது தொண்டையில் இறங்கியதும் அப்பாவின் மூச்சு நின்றுவிட்டால், கடைசிவரை அவர் நெஞ்சில் இருந்தது விற்றுப்போன காடுதான் என்று ஆகிவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஊரை விடுங்கள், அவளே நம்பிவிடுவாள். மகளைப் பிழைக்கவைத்த மனுஷன் மண்ணை நினைத்துக்கொண்டே செத்தான் என்பதை ஒரு ஆயுசுக்கும் அவள் சுமக்க வேண்டியிருக்கும்.

சின்னம்மாள் மூன்று சொட்டு விட்டாள். செந்நிறமாக ஒரு கோடு உதட்டோரம் வழிந்தது. எல்லாரும் அவர் நெஞ்சையே பார்த்தார்கள். மூச்சு நின்றது. நிர்மலா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பிறகு மூச்சு திரும்பி வந்தது. போனது, மறுபடியும் வந்தது.

மண் இல்லை. அப்பாவுக்கு மண் மேல் ஆசை இல்லை. நிர்மலாவுக்கு அந்த நேரத்தில் சிரிப்புகூட வந்துவிடும்போல இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போய், அடுப்புக்கு முன்னால் சும்மா நின்றாள்.

களிக்குண்டான் கழுவிக் கவிழ்த்து வைத்தபடியே கிடந்தது. அவர் படுத்ததிலிருந்து வீட்டில் களி கிண்டவில்லை.

பட்டாசு யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நகைக்கு ஆகுமே என்றுதான் போனாள். ஒரு மதியம், சாப்பாட்டுக்குக் கை கழுவ எழுந்த நேரத்தில் அந்தக் கொட்டகை இல்லாமல் போனது. கூட வேலை செய்த தங்கம்மாளும் சோபனாவும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். இவள் மிஞ்சினாள். முகத்தில் வலது பாதியும் கழுத்தும் இரண்டு கைகளும் வெந்திருந்தன. தொடையில் இருந்து தோலை எடுத்துக் கைகளில் ஒட்டினார்கள். விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மடங்கிவிட்டன. நிச்சயம் பண்ணிய வீட்டார் ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நிதி கொடுக்க வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் போட்டோ எடுக்க யாரும் வரவில்லை. அதில் எடுக்கிற மாதிரி எதுவும் இல்லை. ஒரு தகப்பன், ஒரு மகள், ஒரு உருண்டை களி, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த அம்மா, மெத்தென்று எதையாவது பிடித்துப் பிடித்து விடச் சொன்னார். பந்து நழுவி நழுவி ஓடியது. ஒருநாள் நஞ்சப்பன் அடுப்பிலிருந்து இறக்கிய ராகிக்களியில் ஒரு உருண்டை பிடித்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். அது ஓடவில்லை. விரல் போன பக்கமெல்லாம் வளைந்து கொடுத்தது.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா. நல்லாருக்குது."

"அப்ப நல்லா அமுக்கு. வுடாத."

அவள் அமுக்கினாள். அவர் சிரித்தார். வெந்து கிடந்து எழுந்தபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. மறுநாள் காலையில் பார்த்தால் ஒட்டின தோல் முழுக்கக் கொப்புளம். ஒட்டுத்தோலுக்குச் சூடு தெரியாது என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கவில்லை. கொதிக்கிற களியை வெறுங்கையில் பிய்த்துத் தின்று பழகிய மனுஷனுக்கு, அது சூடாக இருக்கிறது என்பதும் உறைக்கவில்லை. இப்படியும் ஒரு தப்பு உண்டா என்று டாக்டர் சத்தம் போட்டார். நஞ்சப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் கைவைத்து உட்கார்ந்து, பெண்பிள்ளை மாதிரி அழுதார்.

அதற்கப்புறம் களியை ஆறவைத்துத்தான் கொடுப்பார். ஆறிவிட்டதா என்று பார்க்க உருண்டையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

"கைல தொட்டுப் பாத்தா ஆவாதா?" என்று கோவிந்தம்மாள் கேட்பாள்.

"காப்புக் காச்சுன கை, அதுக்கு என்னா தெரியும்? கன்னத்துக்குத்தான் தெரியும்," என்பார். கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்திருந்துவிட்டு, "இன்னும் ஆறல, இரு," என்பார். தாடியில் களி ஒட்டியிருக்கும்.

எத்தனை உருண்டைகள் என்று யாரும் எண்ணவில்லை. கட்டைவிரல் பிரிந்தது. உள்ளங்கை கொஞ்சம் விரிந்தது. இப்போது காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. விரல் கணுவால் தட்டித் தட்டியே ஆதார் திருத்தம் வரைக்கும் போட்டுக் கொடுத்துவிடுவாள். முகத்தைப் பார்த்துத் தயங்குகிறவர்கள்கூட, வேலை முடிந்து போகும்போது அக்கா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

"நிர்மலா, இங்க வா," என்று சின்னம்மாளின் குரல் கேட்டது.

முன்னறையில் பால் சொம்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாரும் பால் வுட்டாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி," என்றாள் சின்னம்மாள். "உன் கைக்காவத்தான் காத்துக்கிட்டுக் கெடக்கறான். ஒரு கரண்டி வுடு புள்ள."

"நான் ஊத்த மாட்டேன் அத்தை."

"ஏன்?"

"நான் ஊத்திப் போயிட்டாருன்னா?"

 இவ்வளவு நேரம் அதட்டிக்கொண்டிருந்த சின்னம்மாள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இடுப்புல தூக்கி வளத்தவ நானு," என்றாள். "எனக்கு மட்டும் அவன அனுப்போணும்னு ஆசையா? எப்படிக் கெடக்கறான் பாரு."

குமார் தலையைக் குனிந்துகொண்டான். "அக்கா, வேணாம்னா வுட்டுரு," என்று முணுமுணுத்தான்.

நிர்மலா அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தாள். கோவிந்தம்மாள் இரண்டு நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அந்த மூச்ச என்னால கேக்க முடியல நிர்மலா," என்றாள். "காத அடச்சுக்கிட்டாலும் கேக்குது."

அவ்வளவுதான் சொன்னாள்.

மண்ணுக்குப் போகாத உயிர் தன் கைக்குப் போய்விட்டால், அவர் காத்திருந்தது தனக்காக என்று ஆகும். அந்த உயிரைப் போக்கியதும் தான்தான் என்றும் ஆகும். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை. எந்தச் சாமியைக் கேட்பது என்றும் தெரியவில்லை. நிர்மலா துப்பட்டாவிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள்.

"நான் புடிச்சுக்கட்டுமா?" என்று குமார் அருகில் வந்தான்.

"வுடு. எனக்குப் புடிக்கத் தெரியும்."

கரண்டியின் காம்பைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். பாலில் முக்கி எடுத்தாள். கட்டிலுக்கும் சொம்புக்கும் நடுவில் இருந்த இடம் பெரிய தூரமாகத் தெரிந்தது. கரண்டி தளும்பியது, ஆனால் சிந்தவில்லை. உதட்டைத் தொட்டதும் மெல்லச் சரித்தாள்.

"அப்பா," என்றாள். "நான்தான்ப்பா."

பால் உள்ளே போனது. தொண்டைமுடிச்சு ஒருமுறை ஏறி இறங்கியது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. மற்றவர்கள் பார்த்தார்களா என்று தெரியவில்லை. அப்புறம் ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். வெளியே ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது கிருஷ்ணகிரி ரோட்டில் திரும்பும் சத்தம் வரைக்கும் அறைக்குள் கேட்டது.

வாசலில் மாது துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார்.

"நெஞ்சுல கைய வெச்சுப் பாரு புள்ள," என்றாள் சின்னம்மாள். அவள் குரல் கம்மியிருந்தது. "சூடு இருக்குதா?"

நிர்மலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் நெஞ்சில் கையை வைத்தாள். ஒட்டுத்தோலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுத்திப் பார்த்தாள். மறுகையையும் வைத்தாள். மரப்பலகையைத் தொட்டாலும், கொதிக்கும் களியைத் தொட்டாலும் அந்தக் கைகளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

"சொல்லு புள்ள, இருக்குதா?"

கோவிந்தம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

நிர்மலா குனிந்தாள். அப்பாவின் வலது கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, அதைத் தன் இடது கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தீப்படாத கன்னம் அது. காப்புக் காய்த்த சொரசொரப்பு தெரிந்தது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். சின்னம்மாள் ஒப்பாரிக்கு எடுத்த மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஆறல," என்றாள் நிர்மலா. "இருங்க."

யாரும் அழவில்லை. கோவிந்தம்மாள் மறுபடி சுவரோரம் உட்கார்ந்தாள். சொம்பில் இருந்த பாலில் ஆடை படியத் தொடங்கியிருந்தது.