காலி மண்டபத்துல ஒரு தட்டு

1

இந்தக் கதை எங்க சமையலறையில பொறந்துச்சு. ரேடியோவுல சொன்னான்: எங்க மாநிலச் செனட்டுல, அதாவது சட்டமன்ற மேலவையில, எல்லாரும் ஊருக்குப் போயாச்சு, ஆனா மூணு நாளைக்கு ஒருதடவை ஒரே ஒரு உறுப்பினர் வந்து, காலி மண்டபத்துல மரச்சுத்தியால ஒரு தட்டு தட்டிட்டுப் போவாராம். விழுந்து விழுந்து சிரிச்சேன். காரணம் புரிஞ்சதும் இன்னும் குஷியாயிடுச்சு.

இங்க அமெரிக்காவுல, எங்க மாநிலத்துல, கவர்னர் யாரைப் பெரிய பதவியில போட்டாலும் செனட் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, சரின்னு ஓட்டுப் போடணும். செனட் லீவுல இருந்தா மட்டும் அவரே நேரா போட்டுக்கலாம். தட்டு விழுந்தா சபை கூடினதாக் கணக்கு, லீவு இல்லை. அவ்வளவுதான்! ஒரு மரச்சுத்தி கவர்னரையே நிறுத்துது!

(எங்க கவர்னர் நாங்க ஓட்டுப் போட்டு வந்தவர். நம்மூர் முதலமைச்சர் மாதிரி வெச்சுக்குங்க.)

2

கதைக்கு நான் எழுதின முதல் ஆரம்பம்: "கவர்னர் மீசையை முறுக்கிக்கிட்டு, பனி கொட்டற ஜன்னல் பக்கம் நின்னு, பேனாவை எடுத்து..."

எம் பொண்டாட்டி தாட்சாயணி படிச்சா. "என்னங்க இது, கூத்துல வர்ற ராட்சசனாட்டம்? தள்ளுபடி!"

சரி. கவர்னரோட மீன்பிடிக் கூட்டாளி ஹோபர்ட். அவனை அணைப் பாதுகாப்புக்குத் தலைவராப் போடறார். ஹோபர்ட்டைத் திருடனா எழுதினேன்.

"திருடனைத்தான் கேள்வி கேக்கணுமா? நல்லவனைக் கேக்கக் கூடாதா?"ன்னா தாட்சாயணி.

அட! அப்போ ஹோபர்ட் நல்லவன். பனி தள்ளற லாரி வெச்சிருக்கான். அணையில விரிசல் இருக்கு. அதுக்குக் கீழதான் எங்க ஊர். எங்க செனட்டர் லோர்னா. இன்னைக்குத் தட்டற முறை அவளோடது. மதியம் பன்னெண்டுக்குள்ள தட்டலேன்னா லீவு ஆரம்பம், ஹோபர்ட் கேள்வியே இல்லாம நாற்காலியில.

3

லோர்னா கார் வழுக்கிப் பள்ளத்துல. பின்னாடி வந்த பனி லாரி நின்னுச்சு. ஓட்டறது (ஆமா, நான்தான் அனுப்பினேன்) ஹோபர்ட்.

"ஏறுங்க செனட்டரம்மா."

"டேய் ஹோபர்ட், நான் எங்க போறேன் தெரியுமா?"

"தெரியும். எம் பொழப்பைக் கெடுக்க."

"தெரிஞ்சுமா ஏத்தற?"

"பனியில விட்டுட்டுப் போனா எங்கம்மா என்னை வீட்டுல சேக்காது. டோனட் இருக்கு, எடுத்துக்குங்க."

"லஞ்சமாடா?"

"பாதி கடிச்சது. இதுவா லஞ்சம்!"

அவ குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. அப்புறம் கேட்டா. "நாளைக்கு அணையை உடனே சரி பண்ணணும்னு நீ சொல்றேன்னு வெச்சுக்கோ. உன் தோஸ்து கவர்னர் 'அப்புறம் பாக்கலாம்'ங்கறான். என்னடா பண்ணுவ?"

லாரி மெதுவாச்சு.

"அதை... யாருமே என்னைக் கேக்கல."

"கேக்கத்தான்டா அந்தத் தட்டு."

[இங்க மாட்டிக்கிட்டேன். லாரியை நடுரோட்ல விட்டுட்டு டீ போடப் போயிட்டேன்.]

4

முடிவு அ: ஹோபர்ட் வேணும்னே லாரியை மெதுவா உருட்டிக்கிட்டே போறான், மணி பன்னெண்டு அடிக்குது, அவன் பதவியில உக்கா...

எழுதக் கை வரல. அணைக்குக் கீழ என் வீடும் இருக்கு.

முடிவு ஆ: லாரி செனட் வாசப்படி வரைக்கும் பனியைத் தள்ளிக்கிட்டே பறக்குது. லோர்னா உள்ள ஓடறா. மரச்சுத்தி வெச்ச டிராயர் பூட்டியிருக்கு! பூட்ஸைக் கழட்டி மேஜைக்கு மேல ஓங்கறா. மேல பார்வையாளர் வரிசையில ஒரே ஆள், ஹோபர்ட். "அப்போ நான் எப்போ வரணும், கேள்விக்கு?"ன்னு கத்தறான்.

நான் முன்மொழியறது ஆ.

5

முன்மொழியத்தான் முடியும். இந்தக் கதைக்குள்ள நான் கவர்னர், இஷ்டத்துக்கு ஆளைப் போடுவேன். தனியா விட்டா என்ன எழுதுவேன்னு பாத்தீங்கல்ல... மீசை!

தாட்சாயணி தூங்கிட்டா. இப்போ நீங்கதான் செனட். என்னை நல்லாக் கேளுங்க: ஹோபர்ட் ஏன் லாரியை நிறுத்தினான்? அவ்வளவு நல்லவனா? திருப்தியா இருந்தா, எதிர்ல இருக்கற மேஜையில ஒரு தட்டு தட்டுங்க.

லோர்னாவோட பூட்ஸ் உங்க தட்டுக்காக இன்னும் அந்தரத்துல இருக்கு. பனி சொட்டுது, பாருங்க.