ஆன்டெனாவுக்கு மூன்று ஓட்டை

பழனிசெட்டிபட்டியில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மைக்செட் சுருளிராஜனுடையதுதான். புளியமரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டத் தெரிந்தவனுக்கு விமானத்தில் ஆன்டெனா வைக்கத் தெரியாதா என்று அவன் நினைத்துக்கொண்டதுதான் வினை.

விமானம் விஜய்ராஜுடையது. லைசென்ஸ் வாங்கியவன். கூடலூர்ப் பக்கம் அவன் தோட்டத்துக்குள்ளேயே மண் ஓடுபாதை, இரண்டே பேர் உட்காரும் குட்டி விமானம். புது ரேடியோவும் இறக்கைகளில் மின்னும் விளக்குகளும் பொருத்த ஆள் தேடியவன், "ரேடியோ தெளிவாக் கேட்டா முதல் சவாரி உங்களுக்குத்தாண்ணே" என்று சொல்லிவிட்டான். சுருளிராஜனின் மனைவி அனுசுயா அதை அன்றைக்கே தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள். இனிப் பறக்காமல் திரும்பினால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

மைக்செட்காரனுக்கு அழகே ஒயர் வெளியே தெரியாமல் கட்டுவதுதான். எல்லா ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சடை மாதிரிப் பின்னி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தான். ஆன்டெனாவை விமானத்தின் முதுகில் நட்டான்.

ரேடியோவில் பேசிப் பார்த்தால் டிக் டிக்கென்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு இரைச்சல். ஓடுபாதைக் கடைசியில் வாக்கிடாக்கியோடு நின்ற விஜய்ராஜுக்குப் பல்லி மட்டும்தான் கேட்டது.

"இறக்கை மறைக்குது தம்பி" என்று ஆன்டெனாவை வயிற்றுக்கு மாற்றினான். பல்லி போகவில்லை. "சக்கரக் கால் மறைக்குது" என்று வாலுக்குக் கொண்டுபோனான். அங்கேயும் பல்லி. "குமுளி மலையில மோதித் திரும்புது போல" என்றபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, இன்னும் ஓட்டை போட்டா இதுல மாவு சலிக்கலாம்" என்றான் விஜய்ராஜ்.

எரிச்சலில் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தான் சுருளிராஜன். இறக்கை விளக்கை அணைத்ததும் பல்லி அடங்கியது. போட்டான், கத்தியது. விளக்குக்குப் போகும் ஒயரும் மைக் ஒயரும் அந்த அழகுச் சடைக்குள் கட்டிப்பிடித்துக் கிடந்தன. ஆன்டெனா பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. ஊரே மெச்சிய சடையைத் தன் கையாலேயே கத்தரித்தான். இரண்டு ஒயரையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து இழுத்தான்.

"இப்பப் பக்கத்துல பேசுற மாதிரி இருக்கு. எங்கண்ணே கோளாறு?"

"என் கட்டுலதான் தம்பி. வீணா ஓட்டை போட்டுட்டேன்."

மறுநாள், வேண்டாத ஓட்டைகளை அடைத்து முடித்ததும், விஜய்ராஜ் உள்ளே ஏறி உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டின் கதவைத் திறந்து பிடித்தான். "ஏறுங்கண்ணே."

சுருளிராஜன் ஒரு காலை உள்ளே வைத்தான். மறு கால் வரவில்லை. மைக்செட் பாதியில் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் நாலு வார்த்தை திட்டுவார்கள், அவ்வளவுதான். மேலே போய் ஏதாவது நின்றால்? இதற்கு ஒயரிங் செய்தவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அங்கே அவனுக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும்.

"என்னண்ணே, பயமா?"

"ஆமா தம்பி. நீங்களும் இறங்குங்க, கொஞ்ச நேரம் ஆகும்."

பேனலைக் கழற்றி, ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்க்கத் தொடங்கினான். போன் அடித்தது. அனுசுயா.

"தெருவுல எல்லாரும் கேக்குறாக. பறந்துட்டீகளா?"

"இன்னும் இல்ல. ஒயரிங்காரன் சரியில்ல, பாத்துக்கிட்டிருக்கேன்."