நடுவில் நிறுத்திக்கொள்ளும் உரிமை

உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டியதும் அக்கா செய்த முதல் காரியம், அதன் முதுகைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தது. ஒரு கால் குட்டை. பக்கத்து நாற்காலியை இழுத்து அதையும் ஆட்டினாள். பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள். தானியக் கடைக்காரர் மகள். ஓசி நாற்காலியானாலும் சோதிக்காமல் வாங்க மாட்டாள். வகுப்பு சிரித்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற தம்பி, வந்த கொட்டாவியைக் கையால் மூடிக்கொண்டான்.

அவன் அந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி முறைகள் நடத்துகிறவன். யாரும் விரும்பி எடுக்காத, எல்லோரும் தேறியே ஆக வேண்டிய பாடம். அதனாலேயே கால அட்டவணையில் அதற்கு எப்போதும் சாப்பாட்டுக்குப் பிந்தைய மணிதான் விழும். மாணவர்கள் வைத்த பெயர் சாம்பிள் சார். மூட்டையின் வாயில் நல்ல தானியத்தைப் பரப்பிவைப்பது விற்கிறவன் குணம், அங்கே கை விட்டுப் பார்க்கிறவன் ஏமாளி, குத்தூசியை நடுவயிற்றில் செருகி உருவிப் பார்க்கிறவனே வாங்கத் தெரிந்தவன் என்று சாம்பிள் எடுக்கும் பாடத்தில் அவன் முதன்முதலில் சொன்னபோது அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. இப்போதெல்லாம் வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். மனது அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

நேர்காணல் பயிற்சிக்கு மாணவர்களை ஒருவரையொருவர் கேள்வி கேட்கச் சொன்னால் சினிமா வசனத்தில் பதில் சொன்னார்கள். நிஜ ஆள் ஒருவர் வேண்டும். துறையில் கொடுத்த தலைப்பு, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களின் அன்றாடம். கைக்கு எட்டியதை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ச்சி என்று சொல்லாதீர்கள் என வருஷா வருஷம் திட்டுகிறவன், அன்று காலை அடுக்களை வாசலில் நின்று, "ஒரு மணி நேரம் வந்துட்டுப் போக்கா, சும்மா பேசினாப் போதும்" என்றான். அந்த வீட்டில் எதற்கும் முதலில் கைக்கு எட்டுவது அக்காதான். பக்கவாதத்தில் அப்பா விழுந்தபோது அண்ணன் கடல் கடந்து இருந்தான். இவனுக்குப் பரீட்சைத்தாள் திருத்தும் நேரம். இவன் மனைவிக்கு வெளியூரில் வேலை. கணவன் போய்ச்சேர்ந்து, பிள்ளையும் வேலைக்கென்று கிளம்பிவிட்ட அக்கா, தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு பையோடு வந்தாள், பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாமென்று. அந்தப் பத்து நாள் ஆறாவது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

கேள்வி கேட்க வந்தவள் முன்வரிசைப் பெண். மற்றவர்கள் ஒப்புதல் வாசகத்தைப் பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர்களைச் சொல்வதுபோல் சொல்லித் தள்ளுவார்கள். இவளுக்கு முதல் நிஜ ஆள் என்பதால் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். படித்து முடித்துக் கேள்விக்குப் போகும்போது அக்கா கை காட்டினாள்.

"இரும்மா. அந்தக் கடைசியில என்னமோ சொன்னியே, அதை இன்னொரு தடவை படி."

"நீங்க எப்ப வேணும்னாலும் நடுவுல நிறுத்திக்கலாம். ஏன்னு காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தினதால உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது."

"யாரு சொன்னது?"

பெண் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள். "சார்தான் எழுதிக் குடுத்தாரு."

அக்காவும் பார்த்தாள். சந்தையில் யாராவது அடிமாட்டு விலை சொன்னால் அப்பா அப்படித்தான் பார்ப்பார். "இவ்வளவு சல்லிசா விட மாட்டானே," என்றாள். "எங்கயோ எடையில கை வச்சிருக்கான்." வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. சாம்பிள் சாரும் சிரித்தான். பேசுகிற ஆள்தான், இன்றைய வகுப்பு தப்பித்தது என்று நினைத்துக்கொண்டான்.

காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்பதற்கு அக்கா விஸ்தாரமாகப் பதில் சொன்னாள். முதலில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகு புண்ணாகிவிடும். "மூட்டை தூக்குற மாதிரிதான். ஆனா மூட்டை நம்மளைத் திட்டாது." துணி மாற்றுவது, துடைப்பது, கஞ்சியை அவர் உதட்டை விட்டு வழியாமல் ஊட்டுவது. கஞ்சி சூடு என்பார், ஆற்றிக் கொடுத்தால் சில்லிட்டுப்போச்சு என்பார். "பேரம் பேசியே வளர்ந்த மனுஷன். கஞ்சிகிட்டயும் பேசுறாரு."

"உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்ல?" என்றாள் பெண்.

பின்னாலிருந்து சாம்பிள் சார் கை தூக்கினான். "பதிலை நீயே ஊட்டிவிடாதே. திருத்திக் கேளு."

பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி... உங்களுக்கு எப்படி இருக்கு?"

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். மௌனம் வந்தால் பொறுத்திரு, நீயாக எதையும் போட்டு நிரப்பாதே என்று அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். பெண் பொறுத்திருந்தாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிரீச்சிட்டது. அக்கா தன் உள்ளங்கைகளை மடியில் திருப்பி வைத்து, யாரோ கொடுத்துவிட்டுப்போன சாமானைப்போல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நிறுத்திக்கிறேம்மா," என்றாள்.

இதுவரை எவரும் நிறுத்தியதில்லை. பெண் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள். பிறகு, ஏன் என்று கேட்காமல், "சரிங்க, ரொம்ப நன்றி" என்று பேனாவை மூடினாள். அவள் செய்ததுதான் சரி என்று சாம்பிள் சார் வகுப்புக்கு எடுத்துச் சொன்னான். மாணவர்கள் கை தட்டினார்கள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. அவன் ஜன்னலோரமும் அக்கா பக்கத்திலுமாக உட்கார்ந்தார்கள். நாலு மணிவரைதான் பக்கத்து வீட்டம்மா அப்பாவோடு இருப்பதாகச் சொல்லியிருந்தாள்.

"ஏன்க்கா நடுவுல நிறுத்திட்டே? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு."

"காரணம் சொல்ல வேண்டியதில்லைன்னு நீதானே எழுதிக் குடுத்தே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்குன்னு கேட்டுச்சு பாரு. இத்தனை வருஷத்துல அப்படி யாரும் கேக்கல. நீ வந்து, 'ஒண்ணும் பிரச்சனை இல்லையேக்கா'ன்னு கேப்பே. அண்ணன் போன் பண்ணி, 'எல்லாம் நல்லபடியாத்தானே போகுது'ன்னு கேப்பான். ஆமான்னு சொல்லிட்டு வச்சிருவேன்." கொஞ்ச தூரம் போனபின், "நான் நிறுத்திக்கிறேன் தம்பி," என்றாள்.

வகுப்பைச் சொல்லவில்லை என்று அவனுக்கு உடனே புரிந்தது. கடையில் வளர்ந்தவனுக்கு இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டுமென்பது மறக்காது. முதலில் காதில் விழாததுபோல் இருந்து பார்த்தான். பிறகு, பகலுக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றான். ராத்திரிக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றான். மாசத்தில் ஒரு வாரம் உன் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வா என்றான். இரண்டு வாரம் என்றான். அண்ணனையும் கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றான். அக்கா எதற்கும் கூட்டிக் கேட்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தானே மேலே மேலே ஏற்றிக்கொண்டு போவதையும், அவள் வெறுமனே பொறுத்திருப்பதையும் அவன் கவனித்ததும் பேரத்தை விட்டான்.

"அது ஆராய்ச்சிக்கா. இது நம்ம அப்பா."

"எனக்கும் அப்பாதான்டா. ஆனா என்கிட்ட யாரு ஒப்புதல் வாங்குனா?" அவள் குரலில் கோபம் இல்லை. தூக்கி வந்ததைக் கீழே வைக்கிறவர்களின் மூச்சுதான் இருந்தது. "உடம்பு முடியலடா."

"திரும்பி வருவேல்ல?" கேட்டபிறகுதான் பதிலையும் தானே ஊட்டிவிட்டோமென்று அவனுக்கே உறைத்தது.

அவர்கள் நிறுத்தம் வந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் வீடு இருக்கும் ஊருக்கும் இந்தப் பஸ்தான் போகும். முழங்காலை ஒதுக்கி அவனுக்கு வழிவிட்டு, அப்பா வீட்டுச் சாவியை அவன் சட்டைப்பையில் போட்டாள். "புரட்டும்போது வலது தோளைப் பிடிச்சு இழுக்காதே, கத்துவாரு. இடுப்புக்குக் கீழ கை குடு. நான் கொண்டுவந்த பை கட்டிலுக்கு அடியில கிடக்கட்டும். அதுல இருக்கிற புடவையெல்லாம் நைஞ்சு போயிருக்கும்."

"எறங்குறவங்க எறங்குங்க சார், பேச்சை வீட்டுல வச்சுக்கலாம்," என்றார் கண்டக்டர்.

அவன் இறங்கினான். பஸ் நகரும்போது அக்கா ஜன்னலோரத்துக்கு நகர்ந்து, இறுகிப்போன கண்ணாடியை இரண்டு கையாலும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்ததா என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டம்மா வாசலிலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் போனபிறகு வீட்டில் மருந்து வாசனையும் அப்பாவும் மட்டும் இருந்தார்கள். அவன் அக்கா சொன்னபடி இடுப்புக்குக் கீழ் கை கொடுத்தான். முதல் தடவை நகரவில்லை. இரண்டாம் தடவை அப்பா அரைகுறையாகப் புரண்டு, அவன் முழங்கையிலேயே சாய்ந்துகொண்டார். தன் அப்பா இவ்வளவு கனம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அவ எங்கடா?"

"பஸ்ஸுல இருக்காப்பா."

"எப்ப வருவா?"

ஒண்ணும் பிரச்சனை இல்லப்பா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவன் அதை விழுங்கினான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"உங்களுக்கு எப்படிப்பா இருக்கு?"

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நாள் இல்லாமல் இவன் இதை எதற்குக் கேட்கிறான், இதற்குப் பின்னால் என்ன விலை வைத்திருக்கிறான் என்று தேடுவதுபோல் இருந்தது. அவன் நடுவில் எதையும் போட்டு நிரப்பாமல் பொறுத்திருந்தான். தெருவில் ஏதோ ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. போர்வைமேல் கிடந்த அப்பாவின் நல்ல கை மெல்ல அசைந்து, அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, தானியம் பதம் பார்ப்பதுபோல் தேய்க்கத் தொடங்கியது.