பாதி வயிற்றுக் கப்பல்

விடிவதற்குள்ளேயே தோள்கள் கழன்றுவிடும் போலிருந்தன. தேம்ஸ் ஆற்றின் அடியிலிருந்து வாரிய ஈரச் சரளையைப் படகில் நின்று மண்வெட்டியால் வீசிக் கப்பலின் வயிற்றுக்குள் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. நிலக்கரியை லண்டனில் இறக்கிய கப்பல் காலியாக வடக்கே திரும்ப முடியாது. முதல் காற்றிலேயே கவிழ்ந்துவிடும். அடியில் கிடக்கும் இந்தப் பாரம்தான் அதை நிமிர்த்தி வைக்கும்.

அன்று 'ஹோப்வெல்' கப்பலின் வயிறு பாதிகூட நிறையவில்லை. அதற்குள் கப்பல் முதலாளி ப்ளாக்கெட் கையைத் தட்டினார்.

"போதும், நிறுத்துங்கய்யா! காத்து தோதா இருக்கு. ஏறின தண்ணி வத்த ஆரம்பிச்சதும் கப்பல் கெளம்பணும்."

மேல்தளத்திலிருந்து ஜெத்ரோ என்னைப் பார்த்தான். என் தங்கை ஹெஸ்டரின் புருஷன். அவனும் மற்ற மாலுமிகளும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள். போக மறுத்தால் சிறை, போனால் சாவு. எந்தப் பாவி எழுதிய சட்டமோ!

"மச்சான், ஆட்டிப் பாத்துடுவோமா?" என்றான்.

கப்பல்மேல் சந்தேகம் வந்தால் துறையில் அப்படித்தான் செய்வோம். எல்லோரும் மேலே ஏறி, தடதடவென்று ஒரு பக்கமாக ஓடினோம். உடனே மறுபக்கம் ஓடினோம். நல்ல கப்பல் சட்டென்று நிமிரும். ஹோப்வெல் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது. பிறகு, மனசே இல்லாதது போல மெல்ல நிமிர்ந்தது.

ப்ளாக்கெட் பிடித்த கம்பியை விடவேயில்லை.

"பாத்தீங்களா மொதலாளி? ஆத்துலயே இந்தக் கூத்து. கடல்ல என்னாவும்?" என்றான் ஜெத்ரோ.

"கப்பலுக்கு இன்சூரன்ஸ் இருக்குடா."

"எங்களுக்கு?"

"வாயப் பாரு! கப்பல்ல போறியா, ஜெயிலுக்குப் போறியா?"

"ஜெயிலு கவுந்து போவாதுல்ல மொதலாளி?"

மாலுமிகள் எல்லோரும் சிரித்தார்கள். ப்ளாக்கெட் ஆளனுப்பிக் கூப்பிட்ட போலீஸ் படகு வந்து அவர்களுக்கு விலங்கு பூட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஹெஸ்டர்கிட்ட நீயே சொல்லிடு மச்சான்," என்று சொல்லிவிட்டு ஜெத்ரோ படகில் இறங்கினான்.

ப்ளாக்கெட் எங்களிடம் திரும்பினார். "இதுக்கு வேற ஆளு வருவான். நீங்க அடுத்த கப்பலப் பாருங்க."

எங்கள் மேஸ்திரி டார்பி அசையவில்லை. கப்பல் முதலாளிகளிடம் வேலை பிடித்து எங்களுக்குக் கொடுப்பவன் துறையின் சாராயக்கடைக்காரன். அவன் முகம் சுளித்தால் மறுநாள் அடுப்பு எரியாது. டார்பிக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டான்.

"எந்தக் கப்பல? நாங்க சரளை போடாம எந்தக் கப்பல் இந்த ஆத்த விட்டுப் போவும்?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. எங்களுக்கும்தான். மண்வெட்டிகளைப் படகில் எறிந்தோம். பக்கத்துக் கப்பலுக்குக் குரல் கொடுத்தோம். அவர்கள் அதற்கடுத்த கப்பலுக்குக் கொடுத்தார்கள். சரளை விழும் சத்தம் ஒவ்வொரு கப்பலாக நின்றுகொண்டே போனது. கடைசியில் போலீஸ் படகின் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஜெத்ரோ விலங்கோடு எழுந்து நின்றான்.

"மச்சான்! எல்லாருமா நிறுத்திட்டானுங்க?"

"எல்லாரும்தான்டா!" என்று கத்தினேன். "போயிட்டு வா!"