கடைவாய்ப் பல் பாறை

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் இருந்த உப்புநீர் மீன்தொட்டிக்குள் சங்கு, சிப்பி, பவளம் என்று வழக்கமான எதுவும் கிடையாது. பல்தான். பிடுங்கிய பல்லை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. டாக்டருக்கோ தூக்கிப் போட மனம் வரவில்லை. பல்லுக்குச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, கொதிக்க வைத்து, வெளுக்க வைத்து, வாயில் பல் ஒட்டும் அதே சிமென்ட்டால் ஒரு கருங்கல் முழுக்க ஒட்டிவிட்டார். அடியில் கடைவாய்ப் பற்கள், மேலே கோரைப் பற்கள், உச்சியில் ஞானப்பல். "பவளமும் சுண்ணாம்பு, பல்லும் சுண்ணாம்பு. கடலுக்கு என்ன தெரியப்போகுது?" என்பது அவர் வாதம்.

"கடல் மாதிரியா இருக்கு? யாரோ கொட்டாவி விடுற மாதிரி இருக்கு," என்றார் மனைவி. வரவேற்பு மேசை அவருடையது. தொட்டி அதற்கு நேர் எதிரே.

அந்தப் பாறையில் குடியிருக்க வந்தது ஒரே மீன். விரல் நீளம், சாம்பல் நிறம், துருத்திய கண், தடித்த உதடு, எதைப் பார்த்தாலும் பிடிக்காத முகம். பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் சாதி. அதன் வாய்க்குள் சீப்பு மாதிரி நெருக்கமாகப் பல் உண்டு என்று கடைக்காரர் சொன்ன பிறகு டாக்டர் வேறு மீனைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'மாமனார்' என்று பெயரும் வைத்தார்.

"எங்கப்பாவையா சொல்றீங்க?"

"பொதுவா சொன்னேன்மா."

"பொதுவா சொன்னா எதுக்கு என்னைப் பாத்துச் சிரிக்கிறீங்க?"

கோபம் கணவர்மேல்தான், மீனோடு அவருக்குச் சண்டையில்லை. நாள் முழுக்க இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆள் இல்லாத நேரத்தில் அவர் டாக்டரைப் பற்றிக் குறை சொல்வார். மாமனார் ஒருமுறைகூடக் குறுக்கே பேசியதில்லை.

அப்படிப்பட்ட மாமனார் இளைக்க ஆரம்பித்தார். வயிறு ஒட்டிப்போய், தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. டாக்டர் தண்ணீரின் உப்பைச் சோதித்தார், சூட்டைச் சோதித்தார், விதவிதமான துகள் தீனி தூவினார். மாமனார் ஒவ்வொன்றையும் வாயில் வாங்கி, மருமகன் வீட்டுச் சாப்பாடு போலத் துப்பினார். டாக்டர் கண்ணாடிக்கு வெளியே மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"பல்லு நல்லா இருந்து என்ன பண்ண? ஆளே போயிடுவார் போலிருக்கு!" என்றார் மனைவி.

அந்த நேரம் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். அடி வரிசையில் ஒரு பல் அவர் உபயம்.

"என் வாயில இருந்தப்போ இவ்வளவு வெள்ளையா இருந்ததில்லையே டாக்டர்!"

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. "தினமும் காலையில முதல் வேலை அதானே. ஒருநாள் விட்டா பச்சையாப் படிஞ்சிடுது. இடுக்கு இடுக்கா சுரண்டி, பிரஷ் போட்டு... பல் ஆஸ்பத்திரியில அழுக்குப் பல்லை வெச்சா யாரு வருவா?"

மனைவி பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பச்சை என்னங்க?"

"பாசி."

"மாமனார் என்ன சாப்பிடுவார்?"

டாக்டர் வாயைத் திறந்தார். நோயாளிகளிடம் அவர் கெஞ்சிக் கேட்கும் அளவுக்கு அது திறந்தது.

"தட்டுல சோறு விழ விழ கழுவிக் கவுத்து வெச்சிருக்கீங்க!"

"பல்லுல இருந்ததால நான் அதை அழுக்குக் காரைன்னு..." என்று இழுத்தார் டாக்டர்.

பிரஷும் சுரண்டியும் மனைவியின் மேசை டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. பாறை மெல்லப் பச்சை பிடித்தது. டாக்டருக்கு அது நரகம். ஒவ்வொரு தடவை கடந்து போகும்போதும் கை நமநமத்தது. வந்தவர்கள் வேறு சும்மா இருக்கவில்லை. "இது தேய்க்காத வாய்க்கு சாம்பிளா டாக்டர்?" என்றார் ஒருவர். ஒருநாள் மனைவி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது, டாக்டரின் வலக்கை முழங்கைவரை தொட்டிக்குள் இருந்தது. விரலிடுக்கில் ஒரு பழைய பல் பிரஷ்.

"கையை எடுங்க."

"கீழ் வரிசை மட்டும்மா. ஓரத்துல..."

"அது அவரோட மத்தியானச் சாப்பாடு. எடுங்க!"

எடுத்தார். சட்டைக்கையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, தண்டனை பெற்றவர் போல நின்றார். அப்போதுதான் மாமனார் மூலையிலிருந்து நொண்டுவது போல நகர்ந்து, ஒரு கடைவாய்ப் பல்லின்மேல் ஏறி உட்கார்ந்தார். உதட்டைப் பதித்து ஒரு இழு. பச்சையில் பொட்டளவு வெள்ளை. இன்னொரு இழு. பிறகு நிறுத்தவே இல்லை.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் கண்ணாடியில் மூக்கு நசுங்கக் குனிந்து கவனித்தார்.

"பின்பக்கம் விட்டுட்டார்," என்று கிசுகிசுத்தார்.

"சாப்பிடுறவரைக் குறை சொல்லாதீங்க. உள்ள ஆள் வாயைத் திறந்துகிட்டுப் படுத்திருக்கார், போங்க."

"இந்த ஒரு பல்லு முடியட்டும்மா."