ஐந்து மீற்றர் இருபது

சோதிலிங்கமும் அவருடைய தங்கை அருள்ராணியும் கூட்டாக வாங்கிய கரவன் வண்டி, 2002ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு முழம் நீண்டிருந்தது. முதலில் கண்டவர் சோதிலிங்கத்தின் மனைவி சத்தியபாமா. கேத்திலை எடுக்க வழக்கம்போலக் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினார். கை அடுப்புக்கு எட்டவில்லை. "இஞ்சரப்பா, வண்டில் நீண்டுபோச்சு" என்றார். "நீளட்டும்" என்று சொல்லிவிட்டு சோதிலிங்கம் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த ஒரு சொல்லை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஒஸ்லோவில் நாங்கள் குடியிருக்கும் புருசெத்தில் பிறகு பலர் சொன்னார்கள். புருசெத்தில் எல்லோருக்கும் பிறகுதான் புத்தி வரும்.

வண்டியை அவர்கள் வாங்கியது 2000ஆம் ஆண்டில், ஸ்ட்ரோம்மனில் இருந்த ஒரு நோர்வேக் கிழவரிடம். வெள்ளைத் தகரம், இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு கட்டில், நடுவில் அடுப்பும் மடக்கு மேசையும், மொத்த நீளம் ஐந்து மீற்றர் இருபது. மியோசா ஏரிக்கரையில், யோர்டிஸ் என்ற பெண்மணி நடத்திய கேம்பிங் காணியில் அதை நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். இந்த நாட்டில் வருடத்தின் ஐம்பத்திரண்டு கிழமைகளுக்கும் எண்தான் பெயர். நாற்பதாம் கிழமை ஒஸ்லோப் பள்ளிக்கூடங்களுக்கு இலையுதிர்கால விடுமுறை. அந்தக் கிழமை முழுவதும் இரண்டு குடும்பமும் அங்கேதான். இலை கொட்டுகிற குளிரில் தகரப் பெட்டிக்குள் போய்ப் படுக்கிற விசரர்கள் என்று நாங்கள் சிரித்தோம். சோதிலிங்கம் கணக்கெடுக்கவில்லை. ஐந்து பேரும் ஒரே சட்டியில் ஒடியல் கூழ் காய்ச்சிக் குடித்தார்கள். காலையில் அண்ணன் தன் கட்டிலில் இருந்தபடியே தேநீர்க் கோப்பையை நீட்டுவார். தங்கை தன் கட்டிலில் இருந்தபடியே வாங்குவாள். யாரும் எழும்ப வேண்டியதில்லை. அருள்ராணியின் மகள் அஜந்தா மாமாவின் கட்டிலில்தான் தூங்குவாள். சோதிலிங்கத்துக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை அவள் இருக்கும்போது யாரும் உணர்ந்ததில்லை.

பிறகு அஜந்தா பெரியபிள்ளையாகி, 2002 ஆகஸ்டில் அவளுடைய சாமத்தியவீடு வந்தது. அருள்ராணியும் கணவர் ஜெகதீஸ்வரனும் தட்டில் வெற்றிலை பாக்கோடு புருசனும் பெண்சாதியுமாக நூற்றுப் பதினான்கு வீடுகள் ஏறி இறங்கினார்கள். பேர்கனில் இருந்த ஒரு ஒன்றுவிட்ட சகோதரனை அழைக்க விமானத்தில் போய் அன்றே திரும்பினார்கள். அவர்கள் குடியிருந்தது புருசெத்தில் ஒரு மாடிக்கட்டடத்தின் ஐந்தாம் மாடி. சோதிலிங்கம் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடி. அந்த இரண்டு மாடியை அவர்கள் இறங்கவில்லை. ஜெகதீஸ்வரன் தொலைபேசி எடுத்து, "மச்சான், சனிக்கிழமை எட்டு மணிக்கு ஹோலுக்கு வந்திடுங்கோ, எட்டரைக்கு நல்ல நேரம்" என்றார். சோதிலிங்கம் "ஓம்" என்றார். தாய்மாமன், வீட்டு மனிதன், முன்னுக்கு நின்று நடத்த வேண்டியவன், அவனுக்குப் போய் அழைப்பா என்று ஜெகதீஸ்வரன் நினைத்தது அன்பினால்தான். அன்பினால் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்க யாருக்கும் தோன்றாது, அதுதான் வினை.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து சோதிலிங்கம் பட்டுவேட்டி சால்வையோடு வாசல் கதவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். மடியில், மருமகளுக்கு வாங்கிய கூறைப்பட்டுப் போன்ற சிவப்புச் சேலை. தாய்மாமனை நேரில் வந்து அழைப்பார்கள், அதுதான் முறை. பிந்தினாலும் வருவார்கள் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழே முக்காலுக்கு லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நின்றது கேட்டது. இறங்கியது கேட்டது. மூன்றாம் மாடியில் நிற்காமல் கீழே போனதும் கேட்டது. மண்டபத்தில் அருள்ராணி நல்ல நேரம் முடிகிற மட்டும் வாசலைப் பார்த்தபடி நின்றாள். கடைசியில் ஜெகதீஸ்வரனின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரை மாமன் என்று நிறுத்தித் தேங்காய் உடைப்பித்தார்கள். முந்நூறு பேர் பார்த்தார்கள். வீடியோவில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பெயர் இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. "என்ரை பிள்ளையை வளத்த மனிசன், சபைக்கு நடுவிலை என்னை விட்டிட்டான்" என்று அருள்ராணி அழுதாள். "அழையாத வீட்டுக்குப் போக நான் என்ன நாயோ?" என்று சோதிலிங்கம் கேட்டார். இரண்டும் நியாயம். இரண்டு நியாயத்தையும் ஒரு பெட்டிக்குள் போட்டால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் இந்தக் கதை.

ஐந்து கிழமை கழித்து நாற்பதாம் கிழமை வந்தது. வராமல் விடுகிறவர்தான் பிழையை ஒப்புக்கொண்டவர் என்று இரண்டு பக்கமும் நினைத்தபடியால் இரண்டு பக்கமும் வந்தது. சத்தியபாமா ஊதாப்பூப் போட்ட படுக்கை விரிப்பு ஒன்றை வண்டியின் நடுவில் கட்டினார். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. அன்று இரவோடு வண்டி ஒரு முழம் நீண்டதை மேலே சொல்லியாகிவிட்டது.

அடுத்த வருடம் அது மூன்று மீற்றர் நீண்டது. தங்கையின் பக்கத்தில் புதிதாக ஒரு கதவு முளைத்திருந்தது, அதற்குரிய திறப்பும் பூட்டிலேயே தொங்கியது. 2004இல் ஆறு புதிய யன்னல்கள், பழைய யன்னல்களுக்குப் போட்ட அதே துணியில் திரைச்சீலைகளோடு. வாகனப் பரிசோதகர் ஒருவர் வந்து அளந்தார், நாடா முடிந்துவிட்டது. ஓடாத வண்டி எவ்வளவு நீளமாக இருந்தாலும் தனக்குப் பிரச்சினை இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். யோர்டிஸ் பக்கத்துக் கூடாரக்காரர்களைக் கொஞ்சம் தள்ளி அடிக்கச் சொன்னார். நோர்வேக்காரர்கள் மற்றவன் வீட்டு விஷயத்தில் கேள்வி கேட்பதில்லை. நாங்கள் கேட்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் புருசெத்திலிருந்து கார் கட்டிப் போய்ப் பார்த்தோம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். சமாதானம் பேசப் போனவர்கள் இரண்டு பக்கமும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பக்கமும் "நீங்கள் சொல்லுறதுதான் சரி" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அதில் நானும் ஒருவன்.

2006இல் தங்கையின் பக்கத்தில் பனி கொட்டியபோது அண்ணனின் பக்கத்தில் பிர்ச் மரங்களில் இலை இன்னும் மஞ்சளாகவே இருந்தது. வண்டி ஏரிக்கரையோடு வளைந்து காட்டுக்குள் போயிருந்தது. அந்தந்தக் குடும்பம் தன் தன் கதவுக்கு வந்து சேர்வதில் ஒரு சிக்கலும் இல்லை. மற்றக் கதவுக்குப் போக நினைத்தவர்களுக்குத்தான் வழி கிடையாது. 2007இல் மனம் கேளாமல் சத்தியபாமா ஒரு சட்டி கூழோடு மச்சாளைப் பார்க்கக் காரில் புறப்பட்டார். இரண்டு மணித்தியாலம் ஓடியும் பக்கத்தில் வெள்ளைத் தகரச் சுவர்தான் வந்துகொண்டிருந்தது. கூழ் ஆறிப்போய்த் திரும்பி வந்தார். உள்ளால் நடந்து போனால்தான் உண்டு என்று கணவரிடம் சொன்னார். "அவை நடந்து வரட்டும்" என்றார் சோதிலிங்கம். ஆனால் அவர் காலையில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றுவதும், ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதைக் கழுவுதொட்டியில் கவிழ்ப்பதும் சத்தியபாமாவுக்குத் தெரியும். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும். கால் மட்டும் ஆடவில்லை.

2009 செப்டெம்பரில் மூன்றாம் மாடியில் தொலைபேசி அடித்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு அஜந்தாவின் குரல். இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

"மாமா, அம்மாவுக்குச் சரியில்லை. ஈரலிலை கான்சர். இனிச் செய்யிறதுக்கு ஒண்டுமில்லையெண்டு சொல்லிப்போட்டினம்."

சோதிலிங்கம் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தார். பிறகு சொன்னார்:

"இதையும் போனிலைதானோ சொல்லுறியள்?"

வைத்தும் விட்டார். சத்தியபாமா அன்று முதல் அவருக்குச் சோறு போட்டார், கதைக்கவில்லை. அவர் இரண்டு தரம் லிஃப்டுக்குள் போனதையும், ஐந்து என்ற பொத்தானை அமத்தாமல் திரும்பி வந்ததையும் எதிர் வீட்டுக்காரர் கண்டிருக்கிறார்.

நாற்பதாம் கிழமை வந்தது. நடக்க முடியாத அருள்ராணி தன்னைக் கரவனுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். ஜெகதீஸ்வரன் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய கட்டிலில் கிடத்தினார். வியாழக்கிழமை விடிந்ததும் அஜந்தா ஒரு தட்டில் வெற்றிலையும் பாக்கும் வைத்து, ஒரு போத்தல் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே நடக்கத் தொடங்கினாள். அறைகள், யன்னல்கள், அலுமாரிகள், மறுபடியும் யன்னல்கள். மாமாவின் கட்டிலடிக்கு அவள் வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. வெற்றிலை வாடியிருந்தது. தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மாமா, நேரை வந்து சொல்லுறன். அம்மா உங்களை வரட்டாம்."

சோதிலிங்கம் தட்டைப் பார்த்தார். அந்த நேரத்திலும், கேளுங்கள், அந்த நேரத்திலும் அந்த மனிதர் கேட்டது இதைத்தான்:

"கொப்பரும் கொம்மாவுமெல்லோ வந்து சொல்லவேணும், பிள்ளை?"

"அம்மா நடக்கமாட்டா மாமா. அப்பா அவவை விட்டிட்டு வரேலாது. அதுதான் நான் வந்தனான்."

"எழும்பு மனிசா!" என்று சத்தியபாமா கத்தினார். வண்டி முழுவதும் அந்தச் சத்தம் ஓடியது. சோதிலிங்கம் எழும்பினார். ஆனால் வெறும் காற்சட்டையோடு போக மாட்டேன், அழைப்புக்குப் போவதென்றால் முறையாகப் போக வேண்டும் என்றார். ஏழு வருடமும் வண்டிக்குக் கொண்டுவந்து கொண்டுபோன பெட்டியைத் திறந்து பட்டுவேட்டியை எடுத்தார். கரை நேராக வரவில்லை என்று அவிழ்த்து இரண்டாம் தரம் கட்டினார். சிவப்புச் சேலையைப் பொலித்தீன் உறையோடு கையில் எடுத்துக்கொண்டார். பிறகுதான் மூன்று பேரும் நடந்தார்கள்.

அவர் வேகமாக நடந்தார் என்பதை அஜந்தா இன்றைக்கும் சொல்லுகிறாள். முதல் ஒரு மணித்தியாலம் அவளுக்கும் முன்னால் போனார். பிறகு, அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். தாதிமைப் படிப்பு என்றாள். "நல்லது" என்றார். இன்னும் கொஞ்சம் நடந்த பிறகு, "கொம்மா சாப்பிடுறாவோ?" என்று கேட்டார். இல்லை என்றாள். அதற்குப் பிறகு அவர் கிட்டத்தட்ட ஓடினார். வேட்டி காலில் தடக்கியது. நாலு மணியளவில் வண்டியின் நடுப்பகுதி வந்தது; ஊதாப்பூ விரிப்பு அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது, நிறம் மட்டும் மங்கியிருந்தது. அதற்கு அப்பால் இன்னும் அவ்வளவு தூரம். சோதிலிங்கம் தன் கையால் அதை விலக்கினார். விலக்கி, மூச்சு வாங்க நின்று, ஏழு வருடமாகச் சொல்லாததைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி!"

வண்டி அசைந்தது. யன்னல்கள் ஒன்றுக்குள் ஒன்று போயின, அலுமாரிகள் மடிந்தன, தரை காலுக்குக் கீழே சுருங்கி ஓடிவந்தது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியே பிள்ளை! கூப்பிட்ட உடனை! அவளுக்கு என்னிலை கோவமில்லை!" என்று அஜந்தாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். மூன்றாவது அடியில் அவருடைய முழங்கால் தங்கையின் கட்டிலில் இடித்தது.

ஜெகதீஸ்வரன் அருள்ராணியின் கையைப் பிடித்தபடி இருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பதான் மச்சான். ஒரு நிமிசமும் இல்லை."

சோதிலிங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு, "நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டதோ?" என்று கேட்டார். ஜெகதீஸ்வரனுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அருள்ராணியின் கையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். கதைக்காமல் இருப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போய்விட்டார், வண்டி தன் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. மூன்று அடிக்கு முன்னால்தான் அந்த மனிதர் சிரித்தார்.

நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமல் போக வேண்டும் என்பார்கள். செத்தவீட்டுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. சோதிலிங்கம் முதல் ஆளாகப் போய் நின்றார். கடைசி ஆள் போன பிறகும் நின்றார். பொலித்தீன் உறையைக் கிழித்து அந்தச் சிவப்புச் சேலையைத் தங்கைக்குப் போர்த்தினார்.  ஜெகதீஸ்வரன் அடுத்த மாதம் மகளோடு லோறன்ஸ்கூக்குக் குடிமாறினார். போகும்போது இரண்டு மாடி இறங்கி வந்து, கதவைத் தட்டி, நேரில் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி இன்றும் யோர்டிஸின் காணியில் நிற்கிறது. பரிசோதகர் மறுபடி வந்து அளந்து, ஐந்து மீற்றர் இருபது, சரி என்று எழுதியிருக்கிறார். பழைய தாளில் வேறு என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு வருடமும் நாற்பதாம் கிழமை சோதிலிங்கமும் சத்தியபாமாவும் போகிறார்கள். காலையில் அவர் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றி, கட்டிலில் இருந்தபடியே ஒன்றை நீட்டி மற்றக் கட்டிலில் வைக்கிறார். எழும்ப வேண்டியதில்லை, கை எட்டுகிறது. ஆறின பிறகு அதையும் எடுத்துத் தானே குடித்துவிடுகிறார்.