ஓலையில் இல்லாத பெயர்

2005 ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் ஓட்டுகிறவரின் பெயர் அவரை விட்டுப் போனது. கூப்பிட வாயெடுத்தவர்களுக்கு நாக்கில் உப்புதான் கரித்தது. ரேஷன் கார்டிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அந்த இடம் வெள்ளையாகிவிட்டது. இந்தக் கதையிலும் எழுதிப் பார்த்தாயிற்று, மை பிடிக்கவில்லை. இன்ஜின்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

காரணம் தெரிந்ததுதான். தனக்குப் பேசி முடித்த மஸ்கட் மாப்பிள்ளைக்குக் காகிதங்கள் அனுப்ப, மகள் பூவிழி பிரவுசிங் சென்டரில் அவருக்கு ஒரு ஈமெயில் திறந்து கொடுத்திருந்தாள். பாஸ்வேர்டு கேட்டு யாரோ எழுதினார்கள். வந்த கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் மரியாதையில்லை என்று, நலம் விசாரித்து அதையும் எழுதிவிட்டார். ஈமெயிலோடு பெயரும் களவு போயிற்று.

கல்யாணத்துக்கு முன் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு, இன்னார் மகளை இன்னாருக்கு என்று ஓலை வாசிக்க வேண்டும், அதில் தகப்பன் பெயர் வேண்டும். சென்டர்காரர் சகாயராஜ் திருடியவர்களுக்கே எழுதிக் கேட்டார். பதில் பணிவாகவே வந்தது. பூட்டு உடைப்பதோடு தங்கள் வேலை முடிந்தது, வாங்கியவர்களைக் கேளுங்கள் என்றார்கள். வாங்கியவர்கள் அதை வாடகைக்கு விட்டிருந்தார்கள். வாடகைக்கு எடுத்தவர்கள் அந்தப் பெயரில் நாற்பது நாடுகளுக்குப் பொய்க் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள நடுவில் ஓர் ஆளும் உண்டு.

"ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்ததே இல்லியாம்ணே. ஆனா வாக்கு மாற மாட்டானுங்களாம்" என்றார் சகாயராஜ்.

"நாம தெனம் மூஞ்சிய பாத்துக்கறோம், ஒரு மடை தொறக்க ஒத்துமை இருக்குதா?" என்றார் கூட வந்த உப்பளக் கூலி சடையப்பன்.

இன்ஜின்காரர் சிரிக்கவில்லை. "எம் பொண்ணு கல்யாணம்னு எழுதுப்பா. மூணு ஞாயித்துக்கெழம மட்டும் குடுத்துட்டு, திரும்ப வாங்கிக்க சொல்லு."

திருட்டுக் கூட்டத்தார் எல்லாரும் கலந்து பேசி வாழ்த்து அனுப்பினார்கள். பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பல கூட்டங்களுக்குக் கொடுத்தாயிற்றாம். இனிச் சேர்க்க முடியாதாம்.

"அப்பம்பேரு இல்லாத எடத்துல எப்டிங்க பொண்ணு எடுக்கறது?" என்றாள் மாப்பிள்ளையின் தாய். அதனால் பூவிழி தாய்மாமன் மரியதாஸின் மகள் என்று ஓலை வாசிக்கப்பட்டது. மூன்றாவது ஞாயிறு, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிமிர்ந்தார். இன்ஜின்காரர் எழுந்தார்.

"சொல்லுங்க. நீங்க யாரு?"

பூவிழி திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்து, உப்பை விழுங்கினார்.

"ஒண்ணுமில்லீங்க சாமி. தடை எதுவுமில்லீங்க."

2006 தையில் கல்யாணம் நடந்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் எந்த ஊர் என்று விசாரித்தார். உள்ளூர்தான் என்று சொல்லிவிட்டு, இன்ஜின்காரர் ரசத்துக்குச் சோறு கேட்டார்.